கேரியர் தினமும் வருகிறது, அம்மா ஏன் இளைக்கிறார்?

வாசகியின் கடிதம், சுருக்கமாக:

பெங்களூரில் வேலை பார்க்கும் 44 வயதுப் பெண் ஒருவர் எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு 79, அம்மாவுக்கு 73. காவிரிக்கரை ஊர் ஒன்றில், சொந்த வீட்டில் இருவர் மட்டும் இருக்கிறார்கள். சென்ற ஆண்டு அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கட்டுப் பிரித்த பிறகும் குக்கரைத் தூக்க முடியவில்லை. அதனால் எட்டு மாதமாக, இரண்டு தெரு தள்ளி வீட்டிலேயே சமைத்துக் கொடுக்கும் ஒரு பெண்மணியிடமிருந்து மதியச் சாப்பாடு கேரியரில் வருகிறது. காலைக்கு அம்மாவே இட்லி ஊற்றிவிடுவார். மகள் இரவுக்கும் சொல்லியிருந்தார். "நாங்க தின்ற சோத்துக்கு ஒரு கேரியரே மிச்சம்" என்று சொல்லி அம்மா அதை நிறுத்திவிட்டார். மதியம் பாதி, இரவு மீதி.

அப்பாவுக்கு இருபது வருடச் சர்க்கரை, கூடவே ரத்த அழுத்தம். காலை, இரவு சாப்பாட்டுக்கு முன் கிளிமெபிரைட், மெட்ஃபார்மின் சேர்ந்த மாத்திரை, அழுத்தத்துக்கு டெல்மிசார்டன், குளோர்தாலிடோன், வெறும் வயிற்றில் ஒரு கேஸ் மாத்திரை. இரண்டு மாதம் முன்பு மகள் சமைக்கும் பெண்மணியை அழைத்து, "உப்பே போடாதீங்க, எண்ணெய் வேண்டாம், அப்பாவுக்குச் சோற்றுக்குப் பதில் சப்பாத்தி கொடுங்க" என்று சொல்லியிருக்கிறார். அப்பா சப்பாத்தியை அப்படியே ஒதுக்கிவிட்டு, அம்மாவின் பங்குச் சோற்றில் கை வைக்கிறார்.

போன மாதம் ஒரு நாள் சாம்பார் சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் காலை 11.15-க்கு வந்தன. மீதியை இரவு எட்டேகாலுக்குச் சுட வைத்துச் சாப்பிட்டார்கள். பதினோரு மணிக்குள் இருவருக்கும் வாந்தி. அப்பா இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்தார். சேர்க்கும்போது சர்க்கரை 58, சோடியம் 126. அதே சாப்பாட்டை மதியமே சாப்பிட்ட மற்ற வீடுகளில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இந்த எட்டு மாதத்தில் அம்மாவின் எடை 52 கிலோவிலிருந்து 47-க்கு இறங்கியிருக்கிறது. தம்பி, முதியோர் குடியிருப்பு ஒன்றில் சேர்த்துவிடலாம் என்கிறார்.

அவர் கேட்பவை: கேரியரை நிறுத்தவா? லைசென்ஸ் இல்லாமல் சமைத்து விற்பவர்மேல் புகார் கொடுக்கலாமா? நன்றாகச் சுட வைத்தும் எப்படி வாந்தி வந்தது? நான் தூரத்தில் இருப்பதால்தான் இப்படி ஆகிறதா?

முதியோர் நல மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மற்றதெல்லாம் அப்புறம். அப்பாவின் சோடியம் 126 என்று எழுதியிருக்கிறீர்கள். இயல்பு 135-லிருந்து 145 வரை. வீட்டுக்கு வந்த பிறகு அதைத் திரும்பப் பார்த்தார்களா? இல்லையென்றால், இந்தப் பதிலைப் படிப்பதை இங்கேயே நிறுத்திவிட்டு ஊருக்கு போன் செய்யுங்கள். நாளைக் காலையே ரத்தம் எடுக்கட்டும். சோடியம், பொட்டாசியம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின், மூன்றும் வேண்டும். அறிக்கையோடு மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு போய் அவருடைய மருத்துவரைப் பார்க்க வேண்டும். வயதானவர்களுக்குச் சோடியம் குறைந்தால் தள்ளாட்டம் வரும், குழப்பம் வரும், இரவில் கழிவறைக்குப் போகும்போது விழுவார்கள். "வயசாயிடுச்சு, தடுமாறுறார்" என்று வீட்டில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

செய்துவிட்டீர்களா? சரி, இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

உப்பே வேண்டாம் என்றது

நீங்கள் அக்கறையில்தான் சொன்னீர்கள். ரத்த அழுத்தம் என்றால் உப்பைக் குறைக்க வேண்டும் என்பதும் சரிதான். ஆனால் குறைப்பது வேறு, அறவே நிறுத்துவது வேறு. ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராம் உப்பு வரை போகலாம். ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். சாம்பார், பொரியல், இட்லி, சட்னி, ஊறுகாய் எல்லாம் சேர்ந்த கணக்கு இது. அப்பா சாப்பிடும் குளோர்தாலிடோன், சிறுநீர் வழியாகச் சோடியத்தை வெளியே தள்ளும் மாத்திரை. வயதானவர்களுக்கு அதனாலேயே சோடியம் இறங்குவது உண்டு. இங்கே ஒரு பக்கம் மாத்திரை வெளியே தள்ளுகிறது, மறுபக்கம் உப்பில்லாத சாப்பாடு, அதுவும் பிடிக்காமல் பாதி வயிறு, அதற்கு மேல் ஒரு இரவு முழுக்க வாந்தி. எது எவ்வளவு காரணம் என்பதை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் பிரித்துச் சொல்ல முடியும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மருத்துவர் வேறு கட்டுப்பாடு எதுவும் சொல்லாத வரை, சமைப்பவரிடம் "வழக்கமாகப் போடுவதைவிடக் கொஞ்சம் கம்மியா உப்பு போடுங்க, அப்பளமும் ஊறுகாயும் தினமும் வேண்டாம்" என்று மாற்றிச் சொல்லிவிடுங்கள். அந்த ஓரத்துச் சாமான்களிலும் உப்பு நிறைய இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு யாராவது, "உப்புக்குப் பதில் சோடியம் கம்மியான உப்பு விற்கிறதே, அதை வாங்கலாமே" என்பார்கள். அப்பாவுக்கு வேண்டாம். அந்த வகை உப்பில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் கலந்திருக்கும். டெல்மிசார்டன் சாப்பிடுபவருக்கு, அதிலும் சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்திருந்தால், பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே பாதிக்கலாம்.

சப்பாத்திக்கும் இதே பதில். கோதுமையிலும் இருப்பது மாவுச்சத்துதான். எழுபது வருடம் சோறு சாப்பிட்ட மனிதருக்கு, காலையில் சுட்டு மதியத்துக்குள் விறைத்துப்போன சப்பாத்தி இறங்காது. சோற்றையே கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு கப் அளவு வைத்து, கூட்டையும் பருப்பையும் அதிகமாக்கினால் போதும். எண்ணெயையும் ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். அம்மா கரைந்துகொண்டிருக்கிற இந்த நேரத்தில் அவர் சோற்றில் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயோ நெய்யோ விழுவதுதான் நல்லது.

சுட வைத்தும் வாந்தி ஏன்?

மிச்சம் வைத்த குழம்பை நுரை கட்டும் வரை கொதிக்க வைத்துவிட்டால் போதும் என்றுதான் நம் வீடுகளில் நம்புகிறோம். கொதிக்க வைத்தால் கிருமிகள் பெரும்பாலும் செத்துவிடும் என்பது உண்மை. அவற்றில் சில, சாவதற்கு முன் உணவில் விட்டுவைக்கும் நஞ்சு கொதித்தாலும் போகாது.

அரிசியிலும் உருளைக்கிழங்கிலும் பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இயல்பாகவே இருக்கும். மண்ணிலிருந்து வருபவை. சமைக்கும் சூட்டையே தாங்கிக் கிடக்கும். சோறு ஆறி வெதுவெதுப்பாக நிற்கும்போது முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கும். அதைச் சாப்பிட்டால் ஒரு மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வரும். உங்கள் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். பதினொன்றே காலுக்கு வரும் சாப்பாடு ஒன்பதரைக்காவது வெந்திருக்க வேண்டும். இரவு எட்டேகால் வரை என்றால் பத்தே முக்கால் மணி நேரம், அதுவும் நம் ஊர்ச் சூட்டில், மூடிய சில்வர் கேரியருக்குள். மூடி இருந்தால் பாதுகாப்பு என்று தோன்றும். ஈயும் தூசியும் விழாது, அவ்வளவுதான். உள்ளே சூடு மெல்ல மெல்ல இறங்கும், அந்த மெதுவான இறக்கம்தான் கிருமிக்கு வசதி. சாப்பிட்ட மூன்று மணி நேரத்துக்குள் இருவருக்கும் வாந்தி வந்ததும், மதியமே சாப்பிட்டவர்களுக்கு ஒன்றும் ஆகாததும் இந்தக் கதையோடு நன்றாகவே ஒத்துப்போகின்றன. பரிசோதனை இல்லாமல் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் என் சந்தேகம், இரவு வரை கேரியர் கிடந்த உங்கள் வீட்டு அடுப்பு மேடைமேல்தான், சமைத்தவர்மேல் இல்லை.

"முகர்ந்து பார்த்துத்தான் சாப்பிட்டோம்" என்று அம்மா சொன்னதாக எழுதியிருந்தீர்கள். இந்த நஞ்சு ஊசிப்போன வாசம் காட்டாது. போதாததற்கு, வயதாக ஆக மூக்கும் நாக்கும் மந்தமாகும். அப்பா சாப்பிடும் கேஸ் மாத்திரை வயிற்று அமிலத்தைக் குறைப்பதால், பொதுவாகவே சாப்பாட்டுக் கிருமிகள் அவரை எளிதாகப் பிடித்துக்கொள்ளும். உங்களுக்கும் எனக்கும் ஒரு நாள் வயிற்றுவலியோடு போவது, அவர்களை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடத்திவிடுகிறது.

நினைவில் வைக்க எளிய கணக்கு ஒன்று உண்டு. சமைத்த உணவு அடுப்பை விட்டு இறங்கி இரண்டு மணி நேரத்துக்குள் வயிற்றில் இருக்க வேண்டும், இல்லையென்றால் பிரிட்ஜில் இருக்க வேண்டும். 60 டிகிரிக்கு மேல் சூடாகவோ, 5 டிகிரிக்குக் கீழே குளிர்ச்சியாகவோ இருந்தால் கிருமி பெருகாது, அல்லது மிக மெதுவாகப் பெருகும். இடைப்பட்ட சூட்டில்தான் ஆபத்து. கேரியரைத் திறக்கும்போது ஆவி முகத்தில் அடிக்கிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள். அடிக்கவில்லை என்றால் அது ஏற்கெனவே இடைப்பட்ட சூட்டுக்கு வந்துவிட்டது. அன்றைக்கு மிச்சம் வைப்பதைப் பற்றி யோசிக்கவே கூடாது.

அம்மாவுக்கு பிரிட்ஜில் வைத்ததைச் சாப்பிட்டால் மூட்டுவலி வரும் என்ற எண்ணம் இருக்கலாம். அந்தத் தலைமுறையில் பலருக்கு உண்டு. வாதாட வேண்டாம். பிரிட்ஜில் வைத்ததை எடுத்துக் கொதிக்க வைத்த பிறகு அது குளிர்ச்சி இல்லையே என்று கேளுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

அடுத்து "பழைய சோறு மட்டும் நல்லது என்கிறீர்களே" என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பழைய சோறு என்பது வடித்த வெறும் சோற்றில் தண்ணீர் ஊற்றிப் புளிக்க விடுவது. புளிப்பு ஏற ஏறப் பல கெட்ட கிருமிகள் பெருக முடியாமல் போகும். பருப்பும் காயும் கலந்த சாம்பார் சாதம் மேடையில் கிடப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பழைய சோறு ஆசைப்பட்டால், இரவு புதிதாக வடித்த சோற்றில் சுத்தமான தண்ணீர் ஊற்றி வைக்கட்டும். காலையிலிருந்து கேரியரில் கிடந்த சோற்றில் வேண்டாம்.

அப்பாவின் சர்க்கரை 58

கடிதத்தில் இதை நீங்கள் ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்கு வாந்தியைவிட இதுதான் பயமாக இருந்தது. கிளிமெபிரைட் உள்ளே போய்விட்டால், சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் அது சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாப்பிட்டதை வாந்தி எடுத்தால் இதுதான் நடக்கும். தட்டில் சாப்பாடு விழுந்த பிறகுதான் மாத்திரை அட்டையைத் தொட வேண்டும் என்று அப்பாவுக்குப் பழக்குங்கள். கடிகாரத்தைப் பார்த்து மாத்திரை போடும் பழக்கம் அவருக்கு இருக்கும். சாப்பாடு என்றைக்காவது தாமதமானால் அது வம்பு.

79 வயதில் சர்க்கரையை மிகவும் இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லை. இந்த மாத்திரையே தொடர வேண்டுமா, சர்க்கரையை இவ்வளவு இறக்காத வேறொன்றுக்கு மாற்றலாமா என்று அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். அப்படியே, வாந்தி பேதி வரும் நாளில் எந்தெந்த மாத்திரையை நிறுத்தி வைக்க வேண்டும் என்று எழுதி வாங்கிப் பிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். மெட்ஃபார்மின், டெல்மிசார்டன், குளோர்தாலிடோன் மூன்றும் உடம்பில் நீர் வற்றும்போது வேறு மாதிரி நடந்துகொள்ளும் மாத்திரைகள். மெட்ஃபார்மினும் கேஸ் மாத்திரையும் பல வருடம் சேர்ந்து போனால் வைட்டமின் பி12 குறையும் என்பதால் அதையும் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நான்கு இருக்கட்டும். அதில் அச்சிட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும், டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக் கலக்கக் கூடாது. சர்க்கரை நோயாளி என்று அதைக் கொடுக்காமல் இருக்க வேண்டாம். குடித்த தண்ணீரும் தங்கவில்லை, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் வரவில்லை, பேச்சில் குழப்பம், மலத்தில் ரத்தம், சர்க்கரை 70-க்குக் கீழ் என்று இவற்றில் எது நடந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். நினைவோடு இருந்து விழுங்க முடிந்தால், வண்டி வருவதற்குள் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து அப்பாவுக்குக் கொடுத்துவிட வேண்டும். மயக்கத்தில் இருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

ஒரு கேரியர், இரண்டு பேர், இரண்டு வேளை

இனி அம்மா. கடிதத்தில் அப்பாவைப் பற்றித்தான் அதிகம் இருக்கிறது. அம்மாவின் எடைக்கு ஒரே ஒரு வரி. 52 கிலோவில் 5 கிலோ என்றால் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு. முயற்சி செய்யாமல் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் 5 சதவீதம் குறைந்தாலே காரணம் தேட வேண்டும் என்பது எங்கள் நடைமுறை. தைராய்டு, சர்க்கரை, ரத்த அணுக்களின் எண்ணிக்கை, மனச்சோர்வு எல்லாம் பார்க்க வேண்டும். பல்லையும் பாருங்கள். பல் செட் தளர்ந்திருந்தால் பீன்ஸ் பொரியலும் கேரட்டும் அப்படியே திரும்பிப் போகும், கேட்டால் "பசிக்கலை" என்பார்கள்.

இந்தப் பரிசோதனைகளில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் எனக்கு ஆச்சரியம் இருக்காது. ஏனென்றால் சாப்பாடே போதவில்லை.

சில வருடம் முன்பு, உங்கள் பெற்றோர் போலவே கேரியரில் சாப்பிடும் ஒரு தம்பதியிடம், அன்றைய கேரியரைத் திறக்காமல் அப்படியே கிளினிக்குக் கொண்டுவரச் சொன்னேன். நான்கு அடுக்கு. அடி அடுக்கு நிறையச் சோறு, அமுக்கி வைத்திருந்தது. அடுத்து சாம்பார், ரசம், மேலே முட்டைக்கோஸ் பொரியல், கூட ஒரு சின்னத் தூக்கில் மோர். பார்த்தால் இரண்டு பேருக்குத் தாராளம். சாம்பாரை ஒரு டீ வடிகட்டியில் ஊற்றினேன். கீழே மஞ்சள் தண்ணீர் இறங்கியது. வடிகட்டியில் நின்றது மூன்று முருங்கைத் துண்டும் இரண்டு ஸ்பூன் பருப்பும். அந்த அம்மா வடிகட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதையா டாக்டர் நாங்க ரெண்டு வேளை சாப்பிடறோம்?" என்றார்.

சோற்று அடுக்கு நிறைந்திருப்பதைப் பார்த்து நாம் ஏமாறுகிறோம். வயதானால் சோறு குறைவாகப் போதும் என்பது சரி, உழைப்பு குறைகிறது. ஆனால் புரதத்தின் தேவை குறைவதில்லை. உண்மையில் கொஞ்சம் கூடுகிறது, இல்லையென்றால் தசை கரையும். தசை கரைந்தால் நாற்காலியிலிருந்து எழ முடியாது, மறுபடி விழுவார். ஏற்கெனவே ஒரு எலும்பை முறித்துக்கொண்டவர். ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம். வயதானவர்களுக்கு, சிறுநீரகம் நன்றாக இருந்தால், 1 முதல் 1.2 கிராம் வரை நாங்கள் சொல்வோம். அம்மாவுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 50 கிராம். இப்போது என்ன கிடைக்கிறது? காலை இரண்டு இட்லி, மதியம் அரைக் கேரியர், மாலை ஒரு காபி, இரவு மிச்சம். என் கணக்கில் 25 கிராமைத் தாண்டவில்லை. அதிலும் அப்பா அவர் பங்குச் சோற்றில் கை வைக்கிறார். நம் அம்மாக்கள் எப்போதும் கடைசியில் சாப்பிடுபவர்கள், தட்டில் என்ன மிஞ்சியதோ அதுதான் அவர்கள் பங்கு. அவரிடம் நீங்களே நேராகக் கேளுங்கள்: "நேத்து மதியம் அப்பா சாப்பிட்ட பிறகு உனக்கு என்னம்மா இருந்தது?"

25-ஐ 50 ஆக்குவது கடினம் இல்லை. ஒரு முட்டையில் 6 கிராம். இரண்டு டம்ளர் பாலில் 13 கிராம் வரை. ஒரு கிண்ணம் தயிரில் 5. முப்பது கிராம் பயறு ஊற வைத்துக் குழைய வேக வைத்த சுண்டலில் 6 கிராமுக்கு மேல். சாம்பாரோடு தனியாகக் கெட்டிப் பருப்பு ஒரு கிண்ணம் கொடுக்கச் சொன்னால் இன்னொரு 5. செவ்வாய், வெள்ளி முட்டை தொடமாட்டார் என்றால் அந்த இரண்டு நாளும் பனீரோ கூடுதல் சுண்டலோ இருக்கட்டும். அப்பாவுக்கு மட்டும், கிரியேட்டினின் பார்த்த பிறகு எவ்வளவு என்று மருத்துவர் சொல்லட்டும்.

வெளிநாட்டில் முதியோருக்கு வீட்டுக்கே சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கும் திட்டங்களை நம்மவர்கள் பலர் பார்த்திருப்பார்கள். அமெரிக்காவில் அரசு உதவியோடு நடக்கும் திட்டத்தில், ஒரு வேளைச் சாப்பாடு, ஒருவருடைய ஒரு நாள் சத்துத் தேவையில் மூன்றில் ஒரு பங்கையாவது தர வேண்டும் என்பது விதி. நம் கேரியருக்கு அப்படி யாரும் அளவு வைக்கவில்லை. அதனால் அளவை நீங்கள்தான் சொல்லி வாங்க வேண்டும்.

புகார் கொடுக்கலாமா?

உரிமை உங்களுக்கு உண்டு. முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் திருத்திவிடுகிறேன். "வீட்டுச் சாப்பாடுதானே, அதற்கெல்லாம் லைசென்ஸ் வேண்டாம்" என்று சமைக்கும் பெண்மணி சொன்னது சரியில்லை. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006-ன்படி, வீட்டு அடுப்பில் சமைத்து விற்பவரும் குறைந்தபட்சம் பதிவாவது செய்திருக்க வேண்டும். பதிவு செய்தால் 14 இலக்க எண் ஒன்று கிடைக்கும். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், சின்ன அளவில் செய்பவர்களுக்குக் கட்டணமும் மிகக் குறைவு. உண்மையில் அது அவருக்கே பாதுகாப்பு.

கெட்ட உணவால் உடல் பாதிக்கப்பட்டால் இந்தச் சட்டத்தின் 65-ஆம் பிரிவு இழப்பீட்டுக்கு வழி செய்கிறது. உயிரிழப்புக்கு 5 லட்சத்துக்குக் குறையாமல், கடுமையான பாதிப்புக்கு 3 லட்சம் வரை, மற்றவற்றுக்கு 1 லட்சம் வரை. நுகர்வோர் ஆணையத்துக்கும் இரண்டு ஆண்டுக்குள் போகலாம். ஆனால் எங்கே போனாலும் உணவுதான் காரணம், அதுவும் கொடுக்கும்போதே கெட்டிருந்தது என்று காட்ட வேண்டும். மிச்ச உணவு உங்களிடம் இல்லை, சோதனை இல்லை, நடுவில் ஒன்பது மணி நேரம் உங்கள் வீட்டு மேடையில் இருந்திருக்கிறது, மற்ற வீடுகளில் யாருக்கும் ஒன்றும் இல்லை. இழப்பீடு என்று போனால் நிற்காது என்றே நினைக்கிறேன். நியாயமும் இல்லை.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் அவரோடு உட்கார்ந்து பேசுவேன். ஊருக்குப் போகும்போது அவர் வீட்டுக்கே போய், அடுப்படியை ஒரு முறை பார்த்துவிட்டு வாருங்கள். எத்தனை மணிக்குச் சமைக்கிறார், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, தேங்காய் எப்போது அரைக்கிறார், கேரியரின் ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவுகிறாரா என்று கேளுங்கள். பதிவு செய்யச் சொல்லி நீங்களே விண்ணப்பத்துக்கு உதவலாம். சூடான சாம்பாரைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுப்பவராக இருந்தால் அதை நிறுத்தச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் அந்த வகைப் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடையே இருக்கிறது. எட்டு மாதம் ஒரு நாள் தவறாமல் உங்கள் பெற்றோர் வீட்டுப் படியேறிச் சாப்பாடு கொடுத்தவர் அவர். உப்பும் எண்ணெயும் வேண்டாம் என்று நீங்கள் சொன்னதையும் மறுபேச்சில்லாமல் செய்திருக்கிறார்.

ஆனால் இன்னொரு முறை, உடனே சாப்பிட்டும் வாந்தி வந்தால், அல்லது வேறு வீடுகளிலும் அதே நாளில் வந்தால், தயங்கக் கூடாது. மிச்சத்தைச் சுத்தமான டப்பாவில் மூடிப் பிரிட்ஜில் வையுங்கள், மருத்துவமனைச் சீட்டையும் பணம் அனுப்பிய விவரத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு, மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுங்கள். அந்தத் தெருவில் அவரிடம் வாங்கிச் சாப்பிடும் மற்ற வயதானவர்களுக்காகவும்தான் அது.

மதியம் கேரியர், இரவு வீட்டு அடுப்பு

கேரியரை நிறுத்த வேண்டாம் என்பது என் கருத்து. மதியம் அது வரட்டும். இருவருக்கும் தனித்தனி அளவாக, பன்னிரண்டரைக்கு வந்து ஒரு மணிக்குள் சாப்பிட்டு முடிக்கிற மாதிரி நேரத்தை மாற்றுங்கள். சோற்றைக் குறைத்து, கெட்டிப் பருப்போ சுண்டலோ ஒரு அடுக்கில் வைக்கச் சொல்லுங்கள், காயை நன்றாகக் குழைய வேக வைக்கச் சொல்லுங்கள். அதற்குக் கூடுதலாகப் பணம் கேட்டால் கொடுத்துவிடுங்கள். தயிர் சாதத்தைக் கேரியரில் வாங்க வேண்டாம், தயிர் வீட்டில் இருக்கட்டும். மிஞ்சியது கொட்டப்பட வேண்டும். அம்மாவுக்கு இது வலிக்கும், சோற்றைக் கொட்டிப் பழகாதவர். அதனால்தான் மிஞ்சாத அளவில் வாங்கச் சொல்கிறேன்.

இரவுக்கு மாவு பிரிட்ஜில் இருந்தால் இட்லி போதும், அதை அம்மா இப்போதே செய்கிறார். கூட ஒரு முட்டையோ பருப்புப் பொடியோ, படுக்கும் முன் ஒரு டம்ளர் பால். உதவிக்கு மாலையில் ஒரு மணி நேரம் ஒருவர் வந்தால் கனமான பாத்திரம் எதையும் அம்மா தூக்க வேண்டியதில்லை. முழு நேரச் சமையல்காரர் வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நல்லவர் கிடைத்தால் வையுங்கள், ஆனால் அவர் லீவு போடும் நாளுக்குக் கேரியர் தொடர்பை விட்டுவிடாதீர்கள்.

தம்பி சொல்லும் முதியோர் குடியிருப்பு மோசமான யோசனை இல்லை. ஆனால் ஒரு இரவு வாந்திக்குப் பதிலாக அந்த முடிவை எடுக்காதீர்கள். அங்கேயும் பொதுச் சமையல்தான், அங்கேயும் அம்மா தட்டில் என்ன விழுகிறது என்று யாராவது பார்க்க வேண்டும். மூன்று மாதம் இந்த ஏற்பாட்டைப் பாருங்கள். அதன் பிறகு அம்மாவிடம் தனியாகவும் அப்பாவிடம் தனியாகவும் கேளுங்கள். இருவரும் ஒரே பதிலைச் சொல்வார்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக நீங்கள் கேட்டது. நான் தூரத்தில் இருப்பதால்தான் இப்படி ஆகிறதா? பக்கத்துத் தெருவில் மகன் இருந்தும் இதே சோடியத்தோடு என்னிடம் வந்தவர்கள் உண்டு. தூரத்தில் இருந்தபடியே நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. தினமும் இரவு ஒன்பதுக்கு வீடியோவில் பேசுவதாக எழுதியிருந்தீர்கள். அதை மதியம் ஒரு மணிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் டிபன் பாக்ஸை நீங்கள் திறக்கும்போது அவர்கள் கேரியரைத் திறக்கட்டும். போனை அம்மாவின் தட்டைப் பார்த்து வைக்கச் சொல்லுங்கள். அப்பா முதலில், அம்மா பிறகு என்று இல்லாமல் இருவரும் ஒன்றாக உட்காரட்டும். நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தால் அம்மா இரண்டு வாய் கூடுதலாகவே சாப்பிடுவார்.

ஞாயிறு காலை, காபிக்கு முன், அதே எடை மெஷினில் அம்மாவை ஏறி நிற்கச் சொல்லுங்கள். நான்கு ஞாயிறு எடையையும், அப்பாவின் புதிய சோடியம் அளவையும் எனக்கு எழுதுங்கள். எடை இன்னும் இறங்கினால் அடுத்த ஞாயிறு வரை காத்திருக்காமல் அம்மாவை நேரில் அழைத்துவாருங்கள்.